விழிப்புலன் இழந்தோரும் தமிழ் எழுத்தும்

எழுத்து என்பது யாது? இவ்வினாவுக்கு நம் இலக்கண நூலார் தரும் விடை இக்காலத்தார் பலருக்கு வியப்பை விளைக்கும். எழுத்து என்றதும் தாளிலே காணும் கோடுகளும் வளைவுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. இலக்கணங் கற்றோரோ எழுத்து முதற்கண் ஒலியே என்றும், அவ்வொலியைக் குறித்தற்கு இட்ட வடிவம் அதன் பின்னதே என்றும் அறிவர். செவிக்குப் புலனாவது ஒலிவடிவு; கண்ணுக்குப் புலனாவது வரிவடிவு. நன்னூல் பயின்ற மாணவர் எவரும் இப்பகுப்பைத் தடையின்றிச் சொல்வர். ஆயினும், இதன் பயனை ஆராய்ந்து பார்ப்போர் மிகச் சிலரே.

கண்ணொளி இழந்த ஒருவருக்கு இப்பகுப்பு நூலளவில் நிற்பதன்று, வாழ்வோடு ஒட்டியது. எழுத்து வரிவடிவாக மாத்திரம் நிற்குமிடத்து அவருக்குக் கல்வியின் கதவு அடைபடுகின்றது. ஒலியாகவோ, ஒலியை நிரல்படக் குறிக்கும் வேறொரு குறியாகவோ நிற்குமிடத்து அக்கதவு திறக்கின்றது. தமிழ் எழுத்து ஓலையினின்று அச்சுக்கும், அச்சினின்று தட்டச்சுக்கும், அதனின்று கணினிக்கும் வந்த வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

செவிவழிக் கல்வி

அச்சு நூல்கள் பரவுமுன் தமிழ்க் கல்வி பெரும்பாலும் செவிவழியே நடந்தது. ஆசிரியர் பாடஞ் சொல்ல, மாணாக்கர் கேட்டு மனத்தில் இருத்தினர். ஏடு நினைவுக்குத் துணையாக நின்றதேயன்றி, நினைவின் இடத்தைப் பற்றிக்கொள்ளவில்லை. அத்தகைய கல்வியிலே கண்ணில்லாமை பெருந்தடையாக இருக்கவில்லை என்பதற்கு நம் இலக்கிய வரலாறே சான்று. இரட்டைப் புலவர் எனப்படும் இளஞ்சூரியர், முதுசூரியர் என்னும் இருவருள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் நடக்க இயலாதவர். ஒருவர் கண்ணும் மற்றவர் காலும் துணையாக இருவரும் தமிழகமெங்குஞ் சென்று பாடினர் என்பது வழிவழி வந்த செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பழனியில் வாழ்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் இளமையில் அம்மை நோயாற் பார்வை இழந்தவர். ஆயினும் சேதுபதிகளின் அவையிலே மதிக்கப்பெற்றார்.

இவர்கள் யாவரினும் நம் குடாநாட்டார் நினைவுகூரத்தக்கவர் அந்தகக்கவி வீரராகவ முதலியார். பிறவியிலேயே பார்வையற்ற இவர், சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ், திருக்கழுக்குன்றப் புராணம் முதலிய நூல்களை இயற்றியவர். கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்கு வந்து, பரராசசேகரன் எனப் பட்டம் பூண்ட மன்னன் அவையிலே பாடிப் பரிசு பெற்றார் என்பர். இவர் எழுத்தறிந்த வரலாறாக வழங்குஞ் செய்தி நம் பொருளுக்கு மிகப் பொருந்துவது. பிறரைக்கொண்டு தம் முதுகிலே எழுத்துக்களை எழுதச் செய்து, அந்தத் தொடுவுணர்ச்சியால் அவற்றின் வடிவை அறிந்துகொண்டார் என்பதே அச்செய்தி. கண்ணாற் காணும் எழுத்தை மெய்யால் உணரலாம் என்னும் எண்ணம், பிரான்சு தேசத்திலே அது ஒரு கல்விமுறையாக உருப்பெறுவதற்கு முன்னரே, தமிழர் கதைகளில் இடம்பெற்றிருந்தது போலும்.

யாழ்ப்பாணத்துப் புராணபடனத்தையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். கோயிலிலே ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, சூழ இருந்தோர் கேட்பர். அவ்வவையிலே ஏடு ஒன்று, கேட்போர் பலர். எழுத்தறியாதவரும், முதுமையாற் கண் மங்கியவரும், பிறவியிற் பார்வையற்றவரும் மற்றையோர்க்கு ஒப்பவே அமர்ந்து பயன் பெற்றனர்.

ஏட்டினின்று அச்சுக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இந்நிலை மாறிற்று. ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் வித்தியானுபாலன யந்திரசாலையை நிறுவினார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885லும் கலித்தொகையை 1887லும் பதிப்பித்தார். இவர்கள் செய்தது ஏட்டில் உள்ளதைத் தாளிற் பெயர்த்தெழுதிய செயலன்று. ஓலையிலே மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கமில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடவில்லை. காலும் ரகரமும் ஒரே உருவின. சொல்லுக்குச் சொல் இடைவெளியுமில்லை. மயங்கிக் கிடந்த வரிவடிவினின்று உண்மையான சொல் இன்னதெனத் துணிந்து நிறுத்தியதே பதிப்பாசிரியரின் பணி. நாவலரோ கடுஞ்சந்திகளைப் பிரித்தும் நிறுத்தக்குறிகளை இட்டும், படிப்போர் இடர்ப்படாவண்ணம் உரைநடையை அமைத்தார். வாசகன் இடறாமற் செல்லுமாறு பாதையைச் செப்பனிடுதல் ஆசிரியன் கடன் என்பதே அவர் பணியாற் பெறப்படும் பாடம்.

ஆயினும், அச்சு தந்த நன்மையோடு ஓர் இழப்பும் வந்தது. நூல் மலிந்தபோது ஒவ்வொருவரும் தனித்திருந்து வாய்பேசாது வாசிக்கலாயினர். பரீட்சைகளும் உத்தியோகங்களும் அவ்வாசிப்பையே வேண்டின. முன்னர் அவையில் ஒத்த நிலையில் அமர்ந்திருந்த பார்வையற்றவர் இப்போது, வாசித்துச் சொல்ல ஒருவரை எதிர்பார்த்து வாயிலில் நிற்பவரானார்.

புள்ளி எழுத்து

அவ்வாயிலைத் திறக்க வந்தது பிறெயில் முறை. லூயி பிறெயில் 1809ஆம் ஆண்டு பிரான்சிலே குதிரைச் சேணம் செய்வார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தந்தையின் தொழிற்கூடத்தில் நேர்ந்த விபத்தினாற் குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தார். இரவில் விளக்கின்றி வாசித்தற்கெனச் சாள்சு பாபியே என்பவர் வகுத்த பன்னிரு புள்ளி முறையை ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, 1829ஆம் ஆண்டு தம் முறையை நூலாக வெளியிட்டார். ஆறு புள்ளிகளை எழுப்பியும் எழுப்பாதும் அமைப்பதனால் அறுபத்து மூன்று குறிகள் பிறக்கின்றன. ஒரு விரல்நுனியின் கீழ் ஒரு குறி முழுவதும் அடங்கும் என்பதே இம்முறையின் வெற்றி.

தென்னிந்தியாவிலே அஸ்குவித் அம்மையார் 1890ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கினார். இலங்கையிலே மேரி சாப்மன் அம்மையார் 1912ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளி பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. குடாநாட்டிலே தமிழ்ப் பிள்ளைகளுக்கெனக் கைதடியில் 1956ஆம் ஆண்டு நவீல்ட் பாடசாலை எழுந்தது. பின்னாளிற் சுன்னாகத்தில் வாழ்வகம் என்னும் இல்லமும் தோன்றி விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கு உறையுளும் கல்வியும் அளித்து வருகின்றது.

இந்திய மொழிகளுக்குத் தொடக்கத்திலே ஒன்றோடொன்று பொருந்தாப் பல பிறெயில் முறைகள் வழங்கின. அவற்றை ஒருமைப்படுத்தும் முயற்சியில் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் ஈடுபட்டது. அதற்கு ஆலோசகராக நின்றவர் குளூதா மக்கென்சி. நியூசீலந்து வீரராகிய இவர் 1915ஆம் ஆண்டு கலிப்போலிப் போர்க்களத்திலே இரு கண்களையும் இழந்தவர். பல கலந்தாய்வுகளின் பயனாக 1951ஆம் ஆண்டு பாரதி பிறெயில் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டது. இதன்படி முதற்புள்ளி மாத்திரம் எழுந்தால் அகரம். முதலும் மூன்றும் எழுந்தாற் ககரம். அவற்றோடு நான்காவதுஞ் சேர்ந்தால் மகரம். தேவநாகரியிலும் தமிழிலும் சிங்களத்திலும் இக்குறிகள் பெரும்பாலும் ஒன்றே.

இம்முறையின் நுட்பம் ஒன்றை மாணவர் கருதுதல் நன்று. ‘கொ’ என்னும் எழுத்தை நாம் தாளில் எழுதும்போது கொம்பு முதலிலும், ககரம் நடுவிலும், கால் இறுதியிலும் நிற்கின்றன. பிறெயிலிலோ முதலிற் ககரம், அடுத்து ஒகரம். அதாவது, வரிவடிவின் ஒழுங்கை விடுத்து ஒலியின் ஒழுங்கையே விரல் தொடர்கின்றது. மெய்யெழுத்தின் புள்ளியோ அவ்வெழுத்துக்கு முன்னரே இடப்படும். வரப்போவது உயிரற்ற மெய் என்று விரல் முன்கூட்டியே அறிந்துகொள்ளும். இலக்கண நூலார் முதன்மை தந்த ஒலிவடிவை இப்புள்ளி எழுத்து மீண்டும் முன்னிறுத்திற்று எனலாம்.

ஆயினும், பிறெயில் நூல் பருமை மிக்கது. கைக்கடக்கமான அகராதி ஒன்று பிறெயிலில் அலுமாரித் தட்டுக்கள் சிலவற்றை நிறைக்கும். அதனாற் பாடநூல்கள் சில கிடைத்தனவேயன்றி, நாளிதழும் ஆராய்ச்சி நூலும் கடிதமும் கைக்கெட்டவில்லை.

தட்டச்சும் எழுத்துருவும்

இனி, வேறொரு கிளையை நோக்குவாம். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்குஞ் சென்று வாழ்ந்த இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் போற்றப்படுகின்றார். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களைச் சில பத்து விசைகளுள் அடக்குவது எளிய செயலன்று. கொம்பு, கால், விசிறி என எழுத்துக்களை உறுப்புக்களாகப் பகுத்தும், சில விசைகளை அழுத்தும்போது தாள் நகராவண்ணம் அமைத்தும் அவர் அதனை முடித்தார். தாளிலே காணும் ஒழுங்கே தட்டும் ஒழுங்கு. கண்ணுக்காக எழுதும் பொறிக்கு அது முற்றும் தகுதியானதே.

இவ்வொழுங்கு கணினிக்குள்ளும் புகுந்தபோதுதான் இடர் பிறந்தது. தொடக்கக் காலக் கணினிகள் ஆங்கில எழுத்தையே அறியும். தமிழை அச்சிட விரும்பியோர், ஆங்கில எழுத்துக்களின் உருவத்தை மாத்திரம் நீக்கி, அவ்விடங்களிலே தமிழ் உறுப்புக்களின் உருவத்தை வரைந்து எழுத்துருக்களை ஆக்கினர். அவற்றுள் ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பெருவழக்காயிற்று பாமினி. திருமண அழைப்பும், நினைவு மலரும், வினாத்தாளும், பத்திரிகையும் அதனாலேயே அமைந்தன. அந்நாளிலே அது செய்த தொண்டு பெரிது. அதனை இகழ்வது நன்றியன்று.

ஆயினும், அது திரையிற் காட்டுவது ஒன்று. உள்ளே சேமிப்பது வேறொன்று. பாமினியிலே ‘தமிழ்’ என்னுஞ் சொல்லைக் கண்ணாற் பார்ப்பவர் தமிழ் என்றே வாசிப்பர். கணினி தன்னுள் வைத்திருப்பதோ ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு அது பொருளற்ற குறிக்கோவை. பார்வையுடையோர் இவ்வேறுபாட்டைப் பல ஆண்டுகள் உணர்ந்திலர். உணரவேண்டிய தேவையும் அவர்க்கு இல்லை. அதனை முதலில் உணர்ந்தோர், கணினியைச் செவியால் வாசிக்க முயன்றோரே.

பேசும் கணினி

கணினித் திரையிலுள்ள எழுத்தை ஒலியாக்கி வாசிக்கும் மென்பொருளைத் திரைவாசிப்பி என்பர். தாமே பார்வை இழந்தவராகிய ரெட் ஹென்ரர் 1989ஆம் ஆண்டில் ‘ஜோஸ்’ என்னும் திரைவாசிப்பியை வெளியிட்டார். அதன் விலை நம்மவர்க்கு எட்டாதது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கல் கரன் 2006ஆம் ஆண்டு ‘என். வி. டி. ஏ.’ என்னும் திரைவாசிப்பியை உருவாக்கத் தொடங்கி, அதனை எவரும் இலவசமாகப் பெறவும் திருத்தவும் உரிமை தந்தார். அதனோடு இணைந்த ஒலியாக்கி தமிழையும் பேசும். குரல் இயந்திரத்தன்மை உடையதாயினும் பழகியவர் விரைந்து கேட்டுணர்வர். சில ஆண்டுகளுள் கைத்தொலைபேசிகளும் இவ்வாற்றலைப் பெற்றன.

ஆனால், திரைவாசிப்பி வாசிப்பது திரையின் உருவத்தையன்று. உள்ளே சேமித்த குறியையே. ஆகவே பாமினியில் அமைந்த பக்கத்தைத் திறந்தால், அது ஜே, கே, பி எனப் பிதற்றும். உலக மொழிகளின் எழுத்துக்கள் யாவற்றுக்கும் தனித்தனி எண் வகுத்த ஒருங்குறி 1991ஆம் ஆண்டு வெளிவந்தது. அதிலே தமிழும் இடம்பெற்றது. ஒருங்குறியில் ‘கொ’ என்பது ககரமும் அதன்பின் ஒகரக் குறியுமாகவே நிற்கும். பிறெயிலைப் போலவே இதுவும் ஒலியின் ஒழுங்கு. கண்ணுக்கான வரிவடிவைத் திரை பின்னர் அமைத்துக்கொள்ளும். செவிக்கான ஒலியைத் திரைவாசிப்பியும், விரலுக்கான புள்ளியைப் பிறெயிற் காட்டியும் அமைத்துக்கொள்ளும். எழுத்து ஒன்று, வடிவம் மூன்று. நம் இலக்கணத்தார் கண்ட உண்மை கணினியிலே மெய்ப்பட்டது இவ்வாறே.

இணையத்தளம் அமைக்கும் நெறி

எழுத்துக்குறி செம்மையாயின் மாத்திரம் போதாது. ரிம் பேர்ணர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டு உலகளாவிய வலைக்குத் திட்டம் வகுத்தார். அவர் 1994இல் நிறுவிய வலைக் கூட்டமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்கவாறு தளங்களை அமைக்கும் நெறிகளை 1999ஆம் ஆண்டு முதன்முறை வெளியிட்டது. அவை 2008, 2018, 2023ஆம் ஆண்டுகளில் விரிந்தன. அவற்றின் அடிப்படை நான்கு: புலன்களால் உணரத்தக்கதாதல், இயக்கத்தக்கதாதல், விளங்கத்தக்கதாதல், பல கருவிகளிலும் பிழையின்றி நிலைத்தல்.

இவை நடைமுறையில் எவ்வாறு அமையும் என்பதைச் சில எடுத்துக்காட்டாற் கூறுவாம். பக்கத்திலுள்ள படத்துக்கு அதன் பொருளைச் சொல்லும் மாற்றுரை ஒன்றை எழுதி இணைத்தல் வேண்டும். இல்லையேல் திரைவாசிப்பி ‘படம்’ என்று மாத்திரம் கூறி அப்பாற் செல்லும். அறிவித்தலைப் படமாகவே இடுவது அதனினுங் கேடு. நாளும் இடமும் யாவும் ஒரு சொல்லுள் மறைந்துவிடும். தலைப்புக்களைப் பருத்த எழுத்தாற் காட்டுவதோடு நில்லாது, தலைப்பு என்றே குறித்தல் வேண்டும். அப்போதுதான் பார்வையுடையவர் பக்கத்தை மேலோட்டமாக நோக்குவது போல, கேட்பவரும் தலைப்புக்குத் தலைப்புத் தாவிச் செல்லலாம். விண்ணப்பப் படிவத்திலே ஒவ்வொரு கட்டத்துக்கும் அது பெயருக்கா, முகவரிக்கா என்னும் குறிப்பை இணைத்தல் வேண்டும். சுட்டியைத் தொடாது விசைப்பலகையால் மாத்திரம் எல்லாச் செயலையும் முடிக்க இடமிருத்தல் வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என அறிவித்தலும் இன்றியமையாதது. அவ்வறிவிப்பு இன்றேல், ஆங்கிலக் குரல் தமிழைத் தவிர்த்துச் சென்றுவிடுதலும் உண்டு. பார்வை மங்கியோர்க்காக எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளி வேறுபாடு நாலரைக்கு ஒன்று என்னும் அளவிற் குறையலாகாது என்பது விதி.

இவற்றாற் பயன் பெறுவோர் பார்வையற்றோர் மாத்திரமல்லர். கைந்நடுக்கம் உடைய முதியவர், வெயிலிலே தொலைபேசியை நோக்குபவர், எழுத்தறியாத தாய்க்குச் செய்தியை ஒலியாக்கிக் கேட்பிக்கும் மகன் ஆகிய யாவரும் பயன் பெறுவர். நாவலர் சிறுவர்க்கென எளிமையாக்கிய உரைநடை கற்றோர்க்கும் இனித்தது போலவே இதுவும்.

யாழ்ப்பாணத்தின் கடன்

இனி, நம் நாட்டின் நிலையை நோக்குவாம். யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி எரிந்துகொண்டிருந்தது; ஏறக்குறைய 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் சாம்பராயின. நூலை இழத்தல் யாது என்பதை நம்மவர்க்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்விழப்பின் நினைவோடு, ஈழத்து எழுத்தாவணங்களைக் காக்கும் பெருநோக்கில் 2005ஆம் ஆண்டு நூலகம் என்னும் எண்ணிம நூலகம் தோன்றிற்று. பழைய கல்லூரி மலர்களும் சிற்றிதழ்களும் இன்று உலகெங்கும் கிடைப்பது அத்தொண்டர்களின் உழைப்பினாலேயாம். தமிழிலக்கியங்களைத் தட்டெழுதி வெளியிடும் மதுரைத் திட்டம் அதற்கு முன்னரே 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளிலே தொடங்கிற்று.

இவ்விரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மதுரைத் திட்டத்திலே ஒவ்வோர் எழுத்தும் தட்டெழுதப்பட்டது. ஆகையால் ஒருங்குறியில் அமைந்த அதன் நூல்களைத் திரைவாசிப்பி வாசிக்கும். மின்வருடியால் எடுத்த நூற்பக்கமோ நிழற்படம். கண்ணுக்கு நூல், செவிக்கு மௌனம். அழியாமற் காப்பதற்கு நிழற்படமே விரைவான வழி. அதனை முதலிற் செய்தது அறிவுடைமையே. ஆயினும், காக்கப்பட்ட அந்நூல் எல்லார்க்கும் திறக்கப்பட்டுவிட்டது என்று அமைதியுறல் ஆகாது. 1983 முதல் 2009 வரை நடந்த போர் நம்மவர் பலரின் கண்களைப் பறித்தது. எரியாது எஞ்சிய நூல்களை அவர்கள் வாசிக்க இயலாதாயின், அவர்களளவில் அந்நூலகம் இன்னும் மூடியே கிடக்கின்றது.

படத்தினின்று எழுத்தைப் பிரித்தறியும் மென்பொருள்கள் இன்று தமிழுக்கும் உண்டு. ஆயினும், அவை பிழைபடாதன அல்ல. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னைய ணை, லை, றா, னா முதலியவற்றின் பழைய உருவங்களைக் கண்டு அவை இடறும். மங்கிய தாளிலே ரகரத்தையும் காலையும் மயங்கும். தாமோதரம்பிள்ளை ஏட்டிலே கண்ட அதே மயக்கம் ஒரு நூற்றாண்டின்பின் கணினியிலே மீண்டும் தோன்றியிருத்தல் வியப்பன்றோ! அம்மயக்கத்தைத் தீர்க்கும் வழியும் பழையதே: தமிழறிந்த ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டு, வரி வரியாகத் திருத்துதல்.

சட்டத்தின் துணையும் நமக்கு உண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் சட்டத்தை இலங்கை 1996ஆம் ஆண்டு இயற்றிற்று. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2016ஆம் ஆண்டு உறுதி செய்தது. பார்வையற்றோர் வாசிக்கத்தக்க வடிவிலே நூல்களைப் பெயர்த்தற்குப் பதிப்புரிமையில் விலக்களிக்கும் மரகேசு உடன்படிக்கையிலும் அதே ஆண்டில் இணைந்தது. ஆனால், சட்டம் கதவைத் திறக்குமேயன்றி, உள்ளே விளக்கேற்றாது. அது நம் கடன்.

அக்கடன் பெருஞ்செல்வத்தை வேண்டுவதன்று. மாணவர் ஒருவர் விடுமுறையிலே பழைய மலரொன்றின் பத்துப் பக்கங்களை ஒருங்குறியில் அமைத்து மெய்ப்புத் திருத்தலாம். ஆசிரியர் தம்மிடமுள்ள பாமினிக் குறிப்புக்களை இலவச மாற்றிகளால் ஒருங்குறியாக்கி வழங்கலாம். கல்லூரிக்கோ கோயிலுக்கோ இணையத்தளம் அமைக்கும் பழைய மாணவர், அதனை வெளியிடுமுன் கண்ணை மூடி, சுட்டியை ஒதுக்கி, செவியால் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். விழிப்புலன் இழந்த ஒருவரை அழைத்து வாசிக்கச் செய்து குறை கேட்டல் அதனினும் மேலானது. இம்மலர் இணையத்தில் ஏறும்போதும், அது படமாக நில்லாது எழுத்தாக ஏறுதல் வேண்டும். இக்கட்டுரை தான் பேசும் மக்களுக்கே எட்டாது போமாயின், அதைவிட இழிவு அதற்கு வேறில்லை.

அந்தகக்கவியின் முதுகிலே எழுத்தெழுதிய விரல் யாருடையது என்பதை வரலாறு குறித்து வைக்கவில்லை. ஆயினும், அவ்விரல் இல்லையேல் அக்கவி எழுத்தறியார். அத்தகைய விரலாக இருத்தல் இன்று நம் ஒவ்வொருவர்க்கும் இயலும்.